குறிப்பு என்றொரு கட்டம்

1
இந்தக் கதை என் சன்னலில் தொடங்கியது. எதிர்த் தெருவில் ஒரு பெண் பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கிவிட்டுக் கயிற்றில் பாட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள். சாவியைத் தவறவிட்டவள் என்று நினைத்து ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். விசாரித்தால், ஊரில் வைரஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கக் கழிவுநீர் எடுப்பவளாம். அந்தப் பக்கம் குப்பைக்குப் போயிற்று.

2
மொராவா ஆற்றங்கரையில் பனி... [வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகள் செர்பியாவில் ஏற்கெனவே அதிகம்.]

அவள் பெயர் விதோசவா. கணவன் தானிலோ, பக்கவாதம் வந்து முதியோர் இல்லத்தில் கிடக்கிறான். வைரஸுக்குப் பயந்து இல்லத்தின் கதவைப் பூட்டி ஏழு வாரம் ஆகிறது. மூன்று திங்கட்கிழமைகள் தொடர்ந்து சாக்கடையில் வைரஸின் அளவு குறைந்தால்தான் திறப்பார்கள். இரண்டு குறைந்துவிட்டன. தானிலோ இந்த வாரத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

3
மூன்றாவது திங்கள், புனித நிக்கோலா திருநாளில் வந்து விழுந்தது. அன்று பாதி நாடு மீன் விருந்து வைக்கும், மீதிப் பாதி விருந்துக்குப் போகும்.* எங்கள் ஊரார் கிராமத்து உறவுகளின் வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள், தங்கள் வைரஸையும் கூட்டிக்கொண்டு.

(* திங்கட்கிழமை பாட்டிலுக்கு அட்டவணை போட்ட அதிகாரியும் விருந்துக்குத்தான் போயிருந்தார்.)

பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வந்த வண்டியோட்டி மிலுட்டின் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

“ஊரே மீன் திங்கப் போயிருச்சுக்கா. அளவு எறங்கத்தான் செய்யும். நாளன்னைக்குக் கதவத் தொறந்துருவாங்க. போய் மாமாவப் பாரு.”

“அது பொய் இல்லையாடா?”

“தண்ணி சொல்றதுதானே. நீயா சொல்ற?”

படிவத்தின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘திருநாள், ஊர் காலி’ என்று அவள் எழுதினால் இந்த பாட்டில் செல்லாது. மூன்று திங்கட்கிழமை எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். எழுதாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

4
இங்கே எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது. பன்னிரண்டு வருடம் சாக்கடை மூடி தூக்கியவள் இவ்வளவு யோசிப்பாளா? கையெழுத்தைப் போட்டுவிட்டு நடையைக் கட்டமாட்டாளா? யோசிப்பாள் என்றே வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் எனக்குக் கதை இல்லை.

ஒரு முடிவு: எழுதுகிறாள். வியாழக்கிழமை தானிலோ போய்ச் சேர்கிறான், கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல். இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று: எழுதவில்லை. கதவு திறக்கிறது. விருந்து முடிந்து திரும்பிய ஊர், கையில் பலகாரமும் தொண்டையில் இருமலுமாக உள்ளே நுழைகிறது. விதோசவா அவன் கையைப் பிடித்துக்கொண்டு... [நிறுத்திவிட்டேன்.]

5
பேனா அவள் கையில் இருக்கிறது. மிலுட்டின் வண்டியைக் கிளப்பிவிட்டான். கட்டத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், என்னால் ஆகாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தானிலோவுக்கு அடுத்த கட்டிலில் என் அண்ணன் படுத்திருக்கிறான். ஒரே ஒரு நுரையீரலை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறான். அவனைப் பார்த்து எனக்கும் ஏழு வாரம் ஆகிறது.