கோட்டைமேட்டு மாடுகள்

சீனித்தம்பி ரோட்டில் நின்று மாடுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாடு மேயும் தரவை முழுக்க வெள்ளம். வாவி எது, தரை எது என்று தெரியவில்லை. அவனுடைய மாடுகளும், அவற்றோடு மேயவிட்ட என் சினைப்பசுவும் தலை மட்டும் வெளியே தெரிய மேட்டைப் பார்த்து நீந்திப் போயின. மேடு அங்கே இல்லை.

சீனித்தம்பி என் தங்கச்சியின் புருசன். அவனுடைய காணிக்குள்தான் அந்தக் கோட்டைமேடு கிடந்தது. சுற்றிவர அகழிபோலக் கிடங்கு, நடுவில் வீட்டுயரத்துக்கு மண். மாரியில் வெள்ளம் வந்தால் மாடுகள் தாமாகவே அதில் ஏறிப் படுத்துவிடும். ஓட்டிப்போக ஆள் தேவையில்லை.

சித்திரையில் கம்பஸில் படிக்கிற வதனி என்றொரு பிள்ளை வந்து நாடா பிடித்து அளந்தாள். கிடங்கு வெட்டின மண்ணையே குவித்துக் கட்டின பழைய கோட்டையாம். சீமையில் நோர்மன் என்ற சனமும் ஆயிரம் வருசத்துக்கு முன்னம் இப்படித்தான் கட்டினதாம். படமும் காட்டினாள். புல் மூடின மேடு, மேலே செம்மறியாடு. சீனித்தம்பி சிரித்தான்.

“வெள்ளக்காரன் குவிச்சாக் கோட்ட. நாங்க குவிச்சாக் குப்பமேடு. என்ன புள்ள?”

அவள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைக்கு நாடா வந்தால் நாளைக்கு அரசாங்கத்தார் எல்லைக்கல் நடுவார்கள், பிறகு காணி போய்விடும் என்றான். நானும் அரசாங்கத்தை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் மாரிக்கு மாடு எங்கே ஏறும் என்று கேட்டேன்.

“மாட்டுக்கு ரோடு இரிக்கு மச்சான். காணி போனா எனக்கு என்ன இரிக்கு?”

பெக்கோ இயந்திரம் பிடித்து மேட்டை வழித்தான். மண்ணை டிப்பரில் ஏற்றி அனுப்பினான். கல் நட ஒருவரும் வரவில்லை. அந்தப் பிள்ளையும் பிறகு வரவில்லை.

இப்போது பால் கறக்கக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான். முன்னால் போன கிழட்டுப் பசு ஒருதரம் திரும்பி அவனைப் பார்த்தது. பார்த்துவிட்டு மேடு இருந்த பக்கமே போனது.

“உங்கட தோணிய எடுங்க மச்சான்.”

“இந்தத் தண்ணி இழுவையில ஒண்டத்தான் கட்டி இழுக்கலாம். என்ட பசுவத்தான் இழுப்பன்.”

நான் தோணியைத் தள்ளினேன்.

கிட்டப் போய் என் பசுவின் கொம்பில் கயிற்றைப் போட்டேன். அது ரோட்டுப் பக்கம் வராமல் முரண்டு பிடித்தது. மற்றவை மேடு இருந்த இடத்தில் நெருக்கியடித்து, முன்னங்கால்களைத் தூக்கித் தூக்கி, வெறும் தண்ணீரில் ஏறிக்கொண்டிருந்தன. ரோட்டில் அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.