தேய்த்தாச்சு

மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். இப்போது மணி ஒன்றரை. வீட்டில் இணையம் அறுந்து தொலைய இந்த நாள்தானா கிடைத்தது! ஆய்வுக்காரி கணவனுடைய பல் கிளினிக்குக்கு ஓடிவந்து, நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த கணினியைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். கடலோரப் பாறையில் ஒட்டிக்கிடக்கிற நத்தைகள் பாசியை மேயும். நாக்கு முழுக்க வரிவரியாகப் பல். பாசியைச் சுரண்டும்போது பாறையும் சேர்ந்து வயிற்றுக்குள் போய், மறுபக்கம் தூளாக வெளியே வந்துவிடும். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் கரையே இறங்கிப்போகும். எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து காட்டுகிறேன் என மார்தட்டி இந்த வேலையை வாங்கியவள் அவள்தான். பாறையில் எட்டு இடம் குறித்தாள். ஒற்றைப்படை இடங்களில் நத்தைகள் இஷ்டத்துக்கு மேயலாம். இரட்டைப்படை இடங்களைச் சுற்றிக் கம்பிவலை. உள்ளே ஒரு நத்தைக்கும் அனுமதி கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று எஃகு ஆணி. மாதாமாதம் அவற்றின்மேல் கருவியை உட்காரவைத்து, ஊசியைப் பாறைமேல் இறக்கி அளப்பது.

மூன்று வருஷம் அளந்து என்ன கண்டாள்? நத்தை மேய்ந்த இடமும் தேய்ந்திருந்தது. நத்தை எட்டிக்கூடப் பார்க்காத இடமும் கிட்டத்தட்ட அதே அளவு தேய்ந்திருந்தது.

“அப்போ நத்தைக்கும் பாறைக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிடும்மா, அலைதான் காரணம்” என்று காலையில் இயக்குநர் போனில் சொல்லிவிட்டார். “இத்தோட வேலையை மூடிடலாம்.”

மூடுவதாமே! வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து முதுகு ஒடிந்தது அவருக்கா, இவளுக்கா?

கணவன் கை கழுவிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மூணு வருஷமா உன் நத்தையோட பல்லைப் பத்தியே பேசறே. கட்டின புருஷன் பல் டாக்டர். ஒரு நாளாவது அதை இங்க கூட்டிட்டு வந்து காட்டினியா?”

“ஏங்க, நானே வெந்துபோய் உட்கார்ந்திருக்கேன். வாயைக் கிளறாதீங்க.”

“என் பொழைப்பே அதுதானே.” சிரித்துக்கொண்டே திரையில் இருந்த பாறைப் படத்தை எட்டிப் பார்த்தவன், வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான். “இதை யாரு தேய்ச்சது?”

“எதை?”

“இந்தக் கோடெல்லாம் பாரு. பக்கவாட்டுல, ஒரே சீரா. பிரஷ்ஷை வெச்சுப் பரபரன்னு தேய்க்கிறவங்க பல்லுல, ஈறு ஓரத்துல இப்படித்தான் பள்ளம் விழும். தினம் பத்து பேர் வாயில பார்க்கறேன்.”

“நான்தாங்க. பாசி போகணும்னு மாசாமாசம் பிரஷ்ஷால தேய்ச்சேன்.” பாசிமேல் ஊசியை வைத்தால் அளவு தப்பாகும் என்று, அளப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மாதமும் கம்பி பிரஷ்ஷால் இடத்தை வழவழவென்று தேய்த்துவிட வேண்டுமென்பது அவளே போட்ட சட்டம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அந்தப் பாறையோ நகத்தால் கீறினாலே மாவு உதிர்கிற ஜாதி.

“பாசியையும் வழிச்சு எடுத்துட்டா, பாவம், நத்தை எதைத்தான் மேயும்?” என்றான் கணவன்.

“வாயை மூடுங்க” என்றாள். மூன்று வருஷமாகப் பாறையை மேய்ந்தது அவள்தான்!

எட்டு இடத்தையும் அவள் மேயவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஏழும் எட்டும் முனையில், வழுக்குப்பாறையைத் தாண்டி இருந்தன. அங்கே போவது உதவியாளர். மேகம் மூடிய நாளிலும் குடையோடு வருவார் என்பதால் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் அவள் திடீரென்று அங்கே போய்ப் பார்த்தபோது, எட்டாம் இடத்தில் விரல் கனத்துக்குப் பாசி. ஊசி இறங்குகிற அளவுக்கு மட்டும் விரலால் பாசி விலக்கப்பட்டிருந்தது. பிரஷ் அந்தப் பக்கம் போனதாகவே தெரியவில்லை. ஆனால் குறிப்பேட்டில் மாதம் தவறாமல் ‘தேய்த்தாச்சு’. கரை முழுக்கக் கேட்கும்படி கத்தி, சோம்பேறி, பொய்யர் என்று வாய்க்கு வந்தபடி திட்டி, அவரை வேலையைவிட்டே நிறுத்தினாள். அந்த இரண்டு இடத்து அளவுகளையும் அட்டவணையிலிருந்து அடித்துத் தள்ளினாள்.

இப்போது அவற்றைத் தேடி எடுத்தாள். நத்தை மேய்ந்த ஏழாம் இடம் நன்றாகத் தேய்ந்திருந்தது. வலைக்குள் இருந்த எட்டாம் இடம் துளிகூட இறங்கவில்லை. படங்களில் ஒரு கோடுகூட இல்லை. அவள் மூன்று வருஷமாகத் தேடிய விடை, அவளே குப்பையில் போட்ட இரண்டு வரியில் இருந்தது.

உடனே குடைக்காரருக்குப் போன் போட்டாள். “அண்ணே, நான்தான். ஏழு, எட்டு ரெண்டையும் நீங்க ஆரம்பத்துலேர்ந்தே தேய்க்கலதானே?”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்?”

“திட்டறதுக்குக் கேக்கலண்ணே. தேய்க்காம விட்டதுதான் நல்லதாப் போச்சு. ஆனா நோட்டுல ‘தேய்த்தாச்சு’ன்னு இருக்கறவரைக்கும் அந்த அளவை யாரும் நம்ப மாட்டாங்க. தேய்க்கலன்னு ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்.”

“நல்லாருக்கே! அன்னிக்கு வாயால சொன்னீங்க, இன்னிக்கு எழுதியே வாங்கப் பாக்கறீங்களா? என் பொண்ணு மேல சத்தியம், மாசாமாசம் தேய்ச்சேன்.”

“அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். சோம்பேறித்தனமா இருந்துட்டேன்னு சொல்லுங்க.”

“அதைச் சொல்ல உங்க வாய் ஒண்ணு போதாதா மேடம்?” வைத்துவிட்டார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டியது. குறிப்பேட்டைப் பையிலிருந்து உருவி மேசைமேல் போட்டாள். பக்கத்துக்குப் பக்கம் குடைக்காரரின் கோணல் எழுத்தில் ‘தேய்த்தாச்சு’. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்’ என்று அவளுடைய கையெழுத்து. வழுக்குப்பாறைக்குப் பயந்து, போகாமலே கரையில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து. எண்ணிப் பார்த்தாள். முப்பத்திரண்டு.

கணவன் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அறிக்கையைத் திறந்து முதல் வரியை அடித்தாள்: ‘ஏழாம், எட்டாம் இடங்களைத் தேய்க்கவில்லை. பார்க்காமலே பார்த்ததாக முப்பத்திரண்டு முறை கையெழுத்துப் போட்டவள் நான்.’