ஒத்த ஆளுக்கு ஓர் அடுப்பு

தெருமுனை மின்கம்பத்தடியில் தட்டை இறக்கி வைத்து, கோடிச் சேலையின் மேல் அந்தப் புத்தகத்தை வைத்தாள் பிரபா. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சமையல் புக்குங்க. இத்தாலி சமையலு. நீங்க அடிங்க."

அவர் அடித்தார். சாவு வீடுகளில் எத்தனையோ பார்த்தவர்.

பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அக்கா திரௌபதிக்குப் பிரபாவை விட்டால் நாதியில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள், அண்ணன் தம்பி கிடையாது. புருஷனைத் தூக்கும் முன் அக்காவுக்குக் கோடி கொண்டுவர வேண்டியவள் அவள்தான். காலையில் திருச்சியிலிருந்து விருத்தாசலத்துக்கு அவள் கிளம்பியதென்னவோ மறுநாள் அக்காவின் பிறந்தநாளுக்கு. பஸ் வேப்பூரில் நின்றபோது ஃபோன் வந்தது. மாமா போய்விட்டார்.

புத்தகம் வாங்கச் சொன்னதே மாமாதான். மாமா கோதண்டபாணி, செராமிக் சூளையில் முப்பது வருஷம் நின்றவர். கிட்னி கெட்டு, ஆறு வருஷமாக டயாலிசிஸ். உப்பு ஆகாது, தக்காளி ஆகவே ஆகாது. அவருக்கு ஆகாததை அக்காவும் தொடவில்லை. அவர் எவ்வளவு திட்டியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எவளோ ஒரு இத்தாலிக்காரி தக்காளியை வதக்குவதை ஃபோனில் பார்ப்பதோடு சரி. போன வாரம் மாமாவே கூப்பிட்டார்.

"பிரபா, ஒங்க அக்காவுக்கு அந்தச் சமையல் புக்கு ஒண்ணு வாங்கியா. பெரிய ஓட்டலு கணக்கா வேணாம். வூட்ல தெனம் செய்யறாப்புல இருக்கணும். என் பத்தியத்த தின்னு தின்னு அவளும் நோயாளியாட்டம் ஆயிட்டா."

கடையில் ஒரு மணி நேரம் நின்றாள் பிரபா. பளபளவென்றிருந்த புத்தகங்கள் பக்கத்துக்குப் பக்கம் ஓவன் கேட்டன, வாயில் நுழையாத சீஸ் கேட்டன. கடைசியில் தமிழில் ஒல்லியாக ஒன்று கிடைத்தது. ஓர் அடுப்பு, ஒரு வாணலி. தக்காளி, பூண்டு, கத்தரிக்காய், எண்ணெய். விருத்தாசலம் மார்க்கெட்டில் கிடைக்குமோ என்று சந்தேகப்பட்டது அந்த நூடுல்ஸ் மாதிரியான சமாச்சாரத்துக்கு மட்டும்தான். அதிலும் இரண்டு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அம்சவல்லி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் பையிலேயே இருந்திருக்கும். பிரபா வந்து இறங்கியபோது மாமாவின் அக்கா அம்சவல்லி தலைமாட்டில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதினாறு முடிஞ்சதும் வூட்டப் பூட்டிட்டு கோகுலோட பெங்களூரு போயிடட்டும். ஒத்த ஆளுக்கு எதுக்குத் தனியா ஒரு அடுப்பு?"

பிறந்தநாளுக்கென்று முந்தின நாளே வந்திருந்த திரௌபதியின் மகன் கோகுலகிருஷ்ணன் தலையாட்டினான். அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. மாமாவின் காலைப் பிடித்தபடி இருந்தவள், "நான் போவமாட்டன்டி" என்று தங்கையின் காதில் மட்டும் சொன்னாள். பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதே புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

மேளம் முன்னால் போக, தட்டு வீட்டுக்குள் வந்தது.

"என்னடி இது, எழவு வூட்ல புஸ்தகம்?" அம்சவல்லி எழுந்தே விட்டாள். "அத எடு மொதல்ல."

"பொறந்த வூட்டுத் தட்டுங்க அண்ணி. வெச்சதத் திருப்பி எடுக்கக் கூடாது. முறையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான?"

"சேல, பூவு, மஞ்சளு வெப்பாங்க. சோறாக்குற புக்க எவ வெப்பா?"

"நான் வெப்பேன். மாமா வாங்கச் சொன்னது. அடுப்பு எதுக்குன்னு கேட்டீங்கல்ல? இதுக்குத்தான்."

வேலையிலிருந்து அப்படியே வந்திருந்த சூளைக்காரர்கள், முழங்கை வரை வெள்ளை மண்ணோடு, தரையைப் பார்த்தார்கள். "சித்தி, வேணாமே..." என்றான் கோகுல்.

திரௌபதி கையை நீட்டினாள். சேலையை மற்றவர்கள் அவள்மேல் போர்த்தினார்கள். புத்தகத்தை அவளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் வாங்கச் சொன்னது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலும். காலையிலிருந்து அழாதவள் அழுத அழுகையில் அம்சவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதாள். அவளுக்கும் தம்பிதானே.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் குளித்து முடித்த பிறகு, கோகுல் மொட்டைத் தலையோடு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா, பதினாறுக்கு மறுநாளு டிக்கெட் போட்டுடறேன். ஒனக்கும் சேத்து."

"ஒனக்கு மட்டும் போடு."

"இல்லம்மா, தனியா எப்படி..."

"ஃபோன கையிலதான வெச்சிருக்க? அப்படியே ஒரு கேஸும் புக் பண்ணிடு. ஒண்ணு தீந்து கெடக்குது."

கோகுல் கேஸ் கம்பெனி நம்பரைத் தேடினான்.

திரௌபதி ஈரத் தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். அடுக்களை மூலையில் கிடந்த காலி சிலிண்டரைச் சாய்த்து, இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு வந்து வாசலோரமாக நிறுத்தினாள்.