இடதுகைப் பிடி

ஆரின் ஸ்டப்ஸ் துப்பாக்கிக் கடை வாசல் மிதியடியில் பூட்ஸைத் தேய்த்துவிட்டு நேராகக் கண்ணாடிக் கவுண்டருக்கு வந்து, "வெர்னா, ஒரு மேக்னம் ரிவால்வர் பாக்கணும். டார்கெட்டும் சுடணும், இடுப்புல மாட்டிக்கிட்டும் போகணும்" என்றபோது, வெர்னா ஹால்வர்சன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை நான்காக மடித்துக் கவுண்டர் மேல் வைத்தாள். அந்தத் துணியை அவள் அதுவரை ஒருநாளும் மடித்ததில்லை. ஏப்ரல் மாதத்து மதியம். முதலாளி டெல் மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தான். கடையில் வேறு ஆள் இல்லை.

கனத்த தோட்டா போடுகிற மேக்னம் கேட்டு வருவது ஒன்றும் அதிசயமில்லை. பனி உருகினால் கரடி விழித்துக்கொள்ளும், ஓடையில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் இடுப்புக்கு ஒன்று கேட்டு வருவார்கள். கல்குவாரிப் பக்கம் வியாழக்கிழமைதோறும் நடக்கிற சுடும் போட்டிக்காரர்கள் நீளக் குழலாகக் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று வருகிறவர்களோடுதான் அதிக நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஆரினுக்கு ஏற்கெனவே இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. மூன்று ரைஃபிள்களும் இருந்தன. ஐந்தும் டிசம்பரிலிருந்து வெர்னா வீட்டு இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான்.

அவன் மனைவி ஜூனெட் நவம்பரில் போய்விட்டாள். இருபது வருஷம் வியாழக்கிழமைப் போட்டிக்கு மதிப்பெண் எழுதியவள், சொந்தப் புருஷனுக்கு ஒரு புள்ளி கூடப் போட்டுக் கொடுக்காதவள். அவளைப் புதைத்து மூன்று வாரம் கழித்து, ஆரின் ஐந்து துப்பாக்கிகளையும் அவள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையில் சுற்றி, பிக்கப்பில் போட்டு, வெர்னா வீட்டு வாசலில் வந்து நின்றான். "இதெல்லாம் உன்கிட்ட இருக்கட்டும். வீட்டுல இருக்க வேணாம்னு தோணுது" என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அதைக் கேட்கிற வழக்கமில்லை, பெட்டியில் இடம் பண்ணிக் கொடுப்பதோடு சரி. படியிறங்கும்போது அவன் ஒன்று சொன்னான்: "நானா வந்து கேட்டா குடு. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய நல்லாப் பாத்துக்கோ."

இப்போது அவன் அந்த ஐந்தில் எதையும் கேட்கவில்லை. புதிதாக ஒன்று கேட்கிறான். புதிதாக வாங்குகிறவனின் முகத்தைப் பார்ப்பதாக எந்த ஒப்பந்தமும் இல்லை.

"உன்னோடது ரெண்டும் எங்கிட்டதான இருக்கு" என்றாள்.

"அது பழசு. புதுசா ஒண்ணு வச்சுக்கலாம்னு பாத்தேன்."

சொல்லும்போது அவன் கண்ணாடிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னா மூன்றை எடுத்து மெத்தைத் துணியில் வைத்தாள். குட்டைக் குழலில் இலேசான ஒன்று. நாலு அங்குலக் குழலில் எஃகில் செய்த ஒன்று. ஆறு அங்குலத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் திறந்து, காலி என்று தனக்கும் அவனுக்கும் காட்டி, மூடாமலே வைத்தாள். ஆரின் கேட்க ஆரம்பித்தான். இலேசா இருக்கே, சுட்டா உதை ஜாஸ்தியா இருக்குமோ? ஆறு அங்குலத்த மாட்டிக்கிட்டு வண்டியில உக்கார முடியுமா? பழகுறதுக்கு உதை கம்மியான முப்பத்தெட்டுத் தோட்டா இதுல போடலாமில்ல? பின்குறியத் திருகி நகத்தலாமா? விசை இழுக்க எப்படி? உறை எது பொருந்தும்?

எல்லாம் சரியான கேள்விகள். சரியாக இருந்ததுதான் வெர்னாவை உறுத்தியது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கவுண்டரில் சட்டையைச் சுத்தமாக இஸ்திரி போட்டிருந்த ஒருவன் எதுவுமே கேட்காமல் அவள் எடுத்துக் கொடுத்த முதல் ரிவால்வரையே வாங்கிப் போனான். எடை கேட்கவில்லை, உறை கேட்கவில்லை, நன்றி மட்டும் இரண்டு தடவை சொன்னான். நாலாம் நாள் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, துப்பாக்கியின் எண்ணைப் படித்து, விற்ற தேதியைக் குறித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வெர்னா கவுண்டர் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது ஒரு விதி வைத்துக்கொண்டு வந்தாள். கேள்வி கேட்கிறவன் நாளைக்கும் இருக்க நினைக்கிறவன். கேட்காதவனுக்கு, சரிபார்ப்புக்குப் போன் லைன் இன்றைக்குக் கிடைக்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லி, காபி ஊற்றிக் கொடுத்துப் பேச்சு வளர்க்க வேண்டும். இந்த விதியை அவள் உலகத்திலேயே ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். கல்குவாரியில் பெஞ்சில் உட்கார்ந்து தோட்டா நிரப்பிக்கொண்டே ஆரினிடம் சொன்னாள்.

அவன் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்.

அப்படியெல்லாம் இருக்காது, மனுஷன் உண்மையிலேயே புதுசு வாங்க ஆசைப்படலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது ஆரின் நாலு அங்குலத்தைக் கையில் எடுத்தான். இடது கையில். அவன் இடதுகைக்காரன். தோட்டா உருளையைத் திறக்கும் பொத்தான் அநேகமாக எல்லா ரிவால்வரிலும் வலதுகைக்காரர்களுக்குத் தோதாக இடப் பக்கம்தான் இருக்கும், இடது கட்டைவிரலுக்கு எட்டாது. முப்பது வருஷமாக ஆரின் ஒரு ரிவால்வரைத் தொட்டால் அதைச் சொல்லிப் புலம்பாமல் விட்டதில்லை. அது மட்டுமா, பனி தள்ளும் வண்டி ஓட்டிய காலத்தில் வண்டியைக் குறை சொன்னான், ஓய்வு பெற்ற பிறகு புது டிரைவரைக் குறை சொன்னான், காபி சூடாக இருந்தால் வாய் வெந்தது என்பான், ஆறினால் நாய் குடிக்குமா என்பான். ஜூனெட் மதிப்பெண் அட்டையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் அன்றைய புலம்பல் எத்தனை என்று கோடு போட்டு வைப்பாள். அந்த ஆரின் இப்போது கையை மாற்றி, உருளையை மூடி, சுற்றி வளைத்துப் பொத்தானை அழுத்தித் திறந்து, மறுபடி மூடி, "நல்லாருக்கு" என்றான்.

வெர்னா அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். நன்றாகச் சவரம் செய்திருந்தான்.

"எதுக்கு வாங்குற ஆரின்?"

"அதான் சொன்னேனே. டார்கெட்டுக்கும், வச்சுக்கவும்."

விற்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சொன்னால் அவன் தொப்பியைத் தொட்டு விடைபெற்று, மிசோலாவுக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி, அவன் முகத்தை இதற்கு முன் பார்த்தே இராத ஒருவரிடம் அரைமணியில் வாங்கிவிடுவான். அவன் முதலிலேயே அங்கே போயிருக்கலாம். இங்கே ஏன் வந்தான் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. கையிலிருந்து நழுவுகிற ஒன்றை எந்த முனையில் பிடித்தாலும் பரவாயில்லை என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

"இதையே எடுத்துக்கோ. ஆனா முன்குறி கொஞ்சம் கோணலா இருக்கு. மாத்தித்தான் தர முடியும். சாமான் வெளியூர்லருந்து வரணும்."

ஆரின் ரிவால்வரைத் தூக்கிக் குறி பார்த்தான். குழல் நுனியில் நிற்கும் முன்குறி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்ப வரும்?"

"வியாழக்கிழமை வந்து கேளு. விக்கிற ஃபாரம் அன்னிக்கே எழுதிக்கலாம்."

"சரி" என்றான். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வந்தான். இன்னும் வரவில்லை என்றாள். அடுத்த வியாழனும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு தடவையும், வந்ததுதான் வந்தாய், எனக்கு ஜோடி இல்லை என்று அவனைக் கல்குவாரிக்கு இழுத்துப் போனாள். தன் சின்ன ரிவால்வரைக் கொடுத்துச் சுட வைத்தாள். பெஞ்சில் அவன் பக்கத்திலேயே நின்றாள், அவன் போட்ட தோட்டாக்களையும் விழுந்த ஓட்டைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். முடிந்ததும் தானே வாங்கி, காலி செய்து, தன் பையில் பூட்டினாள். மதிப்பெண் எழுத ஆள் இல்லாததால் அட்டைகள் வெறுமனே கிடந்தன. வீடு திரும்பியதும் ஸ்போகேனில் இருக்கும் அவன் மகளுக்குப் போன் போட்டு, அப்பா வந்தார், சுட்டார், போனார் என்று சொல்வாள். மகளும் தினம் காலையில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எடுத்து "நல்லாருக்கேன்" என்பானாம்.

நாலாவது வியாழன் அவன் வரவில்லை. வெர்னா ஐந்து மணி வரைக்கும் பொறுத்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைக் கதவைப் பூட்டினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் வண்டியை எடுத்தாள். அந்த எட்டு மைல் சாலையில் அவள் யாரிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆரின் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். கோட்டு போட்டிருந்தான், தொப்பி போட்டிருந்தான், சாவி கையில் இருந்தது. ரேடியோவில் யாரோ கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கெளம்பிட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

"எப்பலருந்து?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து யோசித்தான். "மத்தியானம்."

வெர்னா அலமாரியைத் திறந்தாள். தக்காளி சூப் டின்கள் மட்டும் அடுக்கியிருந்தன. இரண்டைச் சூடாக்கி, எதிரே உட்கார்ந்து, அவன் குடித்து முடிக்கும் வரை பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்: "செத்துப்போலாம்னு நினைக்கிறியா ஆரின்?" அவன் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தான். "தினம் இல்ல" என்றான். வெர்னா அங்கிருந்தே போன் போட்டுச் சொல்ல, மறுநாள் மகள் ஸ்போகேனிலிருந்து வந்து, அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம். ஐந்தாம் வியாழன் மகளே கொண்டுவந்து கடையில் விட்டாள், ஆறாம் வியாழன் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு தடவையும் முன்குறி வந்ததா என்ற அதே கேள்விதான். வெர்னாவுக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது, அவன் கேட்காவிட்டால் இன்னும் பயமாக இருந்திருக்கும்.

ஏழாவது வியாழன் காலையில் டெல் பின்கட்டுப் பெட்டியிலிருந்து அந்த ரிவால்வரைச் சீட்டோடு எடுத்துவந்தான். நல்ல பையன்தான், ஆனால் சாமான் தேங்கினால் அவனுக்குத் தூக்கம் வராது.

"வெர்னா, இது என்ன, ஏப்ரல்லருந்து கெடக்கு? முன்குறி கோணல்னு எழுதியிருக்கீங்க. நான் பாத்துட்டேன், ஒரு கோணலும் இல்ல."

"எனக்குக் கோணலாத்தான் தெரியுது."

"ஆரின் மேல ஒரு வழக்கு இல்ல, ஒண்ணு இல்ல. குடுக்க மாட்டேன்னு சொல்ல நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. அதான் பொய் சொல்றேன்."

டெல் அவளை ஒரு பார்வை பார்த்தான், சீட்டை ஒரு பார்வை பார்த்தான். "இன்னிக்கு வந்தா ஒண்ணு குடுங்க, இல்ல முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ரெண்டும் இல்லாம இழுக்காதீங்க" என்று ரிவால்வரைக் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு ஆரின் வந்தான். மெத்தைத் துணி மேல் அது இருப்பதைப் பார்த்ததும் மிதியடியிலேயே நின்றுவிட்டான். பூட்ஸைத் தேய்க்க மறந்தான். பிறகு ஜூன் மாதச் சேற்றோடு தரையில் நடந்து வந்தான்.

"வந்துருச்சா?"

வெர்னா உருளையைத் திறந்து, காலி என்று காட்டி, மூடினாள். "எதுவும் வரல. முன்குறி நேராத்தான் இருக்கு. எப்பவும் நேராத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"நான் முப்பது வருஷமா சுடறேன் வெர்னா."

"அப்ப ஏன் வாராவாரம் வந்த?"

ஆரின் தொப்பியைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தான். சவரம் செய்து மூன்று நாளாவது இருக்கும். "இன்னும் வரலன்னு நீ சொல்லுவ. அடுத்த வாரம் வான்னு சொல்லுவ. சரி, அடுத்த வாரம் வரைக்கும் ஆச்சுன்னு வீட்டுக்குப் போவேன்" என்றான். பிறகு, "அவ்வளவு நாள்தான் முன்னால எண்ண முடியுது" என்றான்.

இன்றோடு வெர்னாவின் பொய்யும் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரத்துக்குச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. ஆரின் ரிவால்வரை இடது கையில் எடுத்தான். கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் போய், எட்டாமல், காற்றில் நின்றது. உருளையைப் பார்த்தான், பொத்தானைப் பார்த்தான்.

"எந்த மடையன்டா இத இந்தப் பக்கம் வச்சான்" என்றான் மெதுவாக.

வெர்னா கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பிடியும் லட்சணமா இல்ல. எல்லாம் வலதுகைக்காரன் பண்ணி வச்சிருக்கான்." ரிவால்வரைத் துணி மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினான். "ஐடஹோவுல ஒருத்தன் இடதுகைக்கு மரத்துல பிடி செதுக்கித் தர்றான்ல. எவ்வளவு நாள் எடுப்பான்?"

"மூணு மாசம் ஆகும். அந்தாள் கிட்ட வரிசை நெறைய."

"வால்நட் மரத்துல கேட்டா?"

"நாலு ஆகும்."

"அப்ப வால்நட்லயே கேளு" என்றான். "அது வர்ற வரைக்கும் நான் வியாழக்கிழமை வந்து கேக்கலாமில்ல?"

"வரணும்" என்றாள்.

பிடி செதுக்குகிறவருக்குக் கையின் அளவு அனுப்ப வேண்டும். வெர்னா பழுப்புக் காகிதத்தைக் கிழித்துக் கவுண்டரில் விரித்தாள். ஆரின் இடது கையை அதன் மேல் வைத்து விரல்களை அகட்டினான். மோதிரம் கழற்றவில்லை, அவளும் கழற்றச் சொல்லவில்லை. மணிக்கட்டில் ஆரம்பித்து, கட்டைவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, பென்சில் மெதுவாகப் போயிற்று. சுண்டுவிரலைக் கடந்து மறுபடி மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

கோடு முடிந்துவிட்டது. அவன் கையை எடுக்கவில்லை. எடு என்று அவளும் சொல்லவில்லை.