ஒரேலியாவுக்கு வைத்த பொட்டு

பாண்டீஸ்வரி செய்த காரியத்தைக் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். ஆயுத பூஜை அன்றைக்கு அவள் ஒரு விண்கப்பலுக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டாள். நிஜக் கப்பல் இல்லை, பதறாதீர்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு மாதிரிக் கப்பல். ஏதோ ஒரு ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் வருகிற ‘ஒரேலியா’வை ஆணி, கண்ணாடி, கீறல் முதற்கொண்டு அச்சு அசலாகச் செய்து, எண் போட்டு, பெட்டியில் அடைத்து, முத்திரை ஒட்டி விற்றது. சேகரிக்கிறவர்கள் பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்களாம். பிரித்துவிட்டால் மதிப்புப் போச்சாம். அதைப் போய் இவள் பிளேடு போட்டுக் கிழித்திருக்கிறாள்.

அவளைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தது செக்கானூரணிப் பக்கம். அப்பா தவசி டிராக்டர் வைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் டிராக்டர், மண்வெட்டி, மோட்டார், அருவாமனை, ஓடாமல் மூலையில் கிடக்கிற மொபெட் எதுவும் பொட்டுக்குத் தப்ப முடியாது. ஒரு வருசம் புதுசாக வாங்கிய மருந்தடிக்கிற மிசினைப் பெட்டியோடு வைத்து அவள் பொட்டு வைக்கப் போக, அவர் ஒரு சத்தம் போட்டார்.

“அட்டைக்கு எவனாச்சும் பொட்டு வைப்பானா? உள்ள இருக்குறத வெளிய எடுத்தா!”

அப்படி வளர்ந்தவள் ஆவணியில் கல்யாணமாகி மதுரை செல்லூருக்கு வந்தாள். புருசன் சூரியபிரகாஷ் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். நல்ல மனுசன், அதிர்ந்து பேச மாட்டான். சிரித்துக்கொண்டே இருப்பவன் திடீரென்று எதையோ நினைத்தவன்போல அமுங்கிப்போவான். என்னவென்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பான். புதுசுதானே, போகப் போகச் சரியாகும் என்று பாண்டீஸ்வரியும் விட்டுவிட்டாள்.

பூஜை அன்றைக்கு அவன் கடையில் பூஜை போடப் போயிருந்தான். வீட்டில் மாமியார் சின்னத்தாய் சுண்டல் தாளித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“ஏத்தா, ஒண்ணு விடாம வச்சிரு. வண்டிய மறந்துறாத.”

பைக்குக்கு வைத்தாயிற்று. வாழைக்கன்றும் கட்டியாயிற்று. மிக்சிக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, தையல் மிசினுக்கு எல்லாம் ஆயிற்று. அப்புறம்தான் பீரோ மேலே இருந்த பெட்டி கண்ணில் பட்டது. பெட்டி மேலேயே படம் போட்டிருந்தது. இறக்கை, பின்னால் புகை கக்குகிற குழாய் ரெண்டு, முன்னால் கண்ணாடி. இதுவும் வண்டிதானே? புருசன் தினமும் துடைத்து வைக்கிற வண்டி. அதற்கு மட்டும் பொட்டு இல்லையென்றால் எப்படி? அட்டைக்கு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வெளியே எடுத்து வைத்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. மூக்கில் ஒரு பொட்டு, ரெண்டு குழாயிலும் ஒவ்வொரு பொட்டு, கண்ணாடியில் சின்னதாக ஒன்று. மதியம் அவன் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

சூரியபிரகாஷ் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிழிந்த முத்திரையைக் கையில் எடுத்து ஒட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை.

“என்னங்க, தப்புப் பண்ணிட்டேனா? தொடச்சுரவா?”

“தொடைக்காத. பெயின்ட் போயிரும்.” முத்திரையைக் கீழே வைத்தான். “பாண்டி, இதுல பாதிதான் என்னுது. மீதிப் பாதி ஜெரால்டுது.”

ஜெரால்டு யாரென்று அவளுக்குத் தெரியும், படத்தில். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் ரெண்டு பையன்கள் தோளில் கை போட்டு நிற்கிற படம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோது, அவன் வீட்டில் ஒரு துக்கம் என்று மட்டும் சூரியபிரகாஷ் சொல்லியிருந்தான். மிச்சத்தை இன்றைக்குத்தான் சொன்னான்.

திருநகரில் ஜெரால்டு வீடு. அப்பா இன்பசேகரன் மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அந்தத் தொடரை இவர்கள் ரெண்டு பேரும் பார்த்தது அந்த வீட்டில்தான். இங்கிலீஷ் புரியாமல் முழிப்பார்கள். வாத்தியார் நடுவில் உட்கார்ந்து, கப்பல்காரன் என்ன சொல்கிறான், எதிரி என்ன சொல்கிறான் என்று மதுரைத் தமிழில் சொல்லுவார். சூரியபிரகாசுக்கு அப்பா கிடையாது. அவரையே அப்பா என்றுதான் கூப்பிட்டான். தொடர் பாதியிலேயே நின்றுபோயிற்று. வேலைக்குப் போனதும் ரெண்டு பேரும் சேர்ந்து இந்தக் கப்பலை வாங்கினார்கள். ஒரு கிறிஸ்துமசிலிருந்து அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒருத்தன் வீடு, அப்புறம் மற்றவன் வீடு. மறுபடி தொடர் வருகிற அன்றைக்குத்தான் பிரிப்பது என்று பேச்சு.

“அப்பா மட்டும் வருசா வருசம் கேப்பாரு. ‘டேய், பிரிச்சுக் காட்டுங்கடா, நானும் ஒரு தடவ பாத்துக்கிர்றேன்’னு. மதிப்புப் போயிரும்பா, சும்மா இருப்பான்னு சொல்லிருவோம்.”

ஆவணியில் அவருக்கு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெரால்டு போன் பண்ணினான். அப்பா கப்பலைப் பார்க்கணும் என்கிறார், எடுத்துக்கொண்டு வாடா என்றான். இங்கே கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. நாளைக்கு வாரேன்டா என்றான் இவன். மறுநாள் விடியும்போது செய்திதான் வந்தது. அதற்குள் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றியாயிற்று. கால் ஊன்றிய வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். சின்னத்தாய் கதவை மறித்துக்கொண்டு அழுதாள். இவன் போகவில்லை. கல்யாணம் முடிந்ததும் புதுமாப்பிள்ளை கேதத்துக்கு, துக்கம் விசாரிக்கக்கூடப் போகக் கூடாது என்றார்கள். அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று அவனுக்கே ஆகிவிட்டது.

“ஒரு போன் பேசலையா?”

“எடுத்தான். ஒண்ணும் பேசல. வச்சுட்டான்.”

பாண்டீஸ்வரி யோசித்துப் பார்த்தாள். தன் கழுத்தில் தாலி ஏறுவதற்காக அங்கே ஒரு மனுசனுக்குத் தோள் கொடுக்க ஒரு ஆள் குறைந்திருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து புருசன் அமுங்கிப் போனதெல்லாம் இதற்குத்தானா? அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் கூசியது. இப்போது போதாக்குறைக்கு அவர்கள் பொருளையும் கிழித்து வைத்திருக்கிறாள்.

“நாளைக்குப் போவோம்” என்றாள்.

“எங்க?”

“அந்த அண்ணே வீட்டுக்கு. பாதி அவுகளுதுன்னா அவுக கிட்ட சொல்லணுமா, வேணாமா?”

மறுநாள் காலையில் சின்னத்தாய் வாசலில் நின்றாள். “புதுப்பொண்ணு கேத வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுத்தா. ஒரு வருசம் ஆகட்டும்.”

“நான் கேதத்துக்குப் போகலத்தே. அவுக பொருளத் தொட்டுட்டேன். மன்னிப்புக் கேக்கப் போறேன். நீங்கதான வண்டிய மறந்துறாதன்னு சொன்னீக?”

சின்னத்தாய் மகன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்து வீடியோவில்கூட அவன் முகம் தெளியாமல் இருந்தது அவளுக்குத் தெரியாதா என்ன? பெற்றவள்தானே. வழியை விட்டு நகர்ந்தாள்.

“சரி, போங்க. அங்க ‘வாங்க’ன்னு கூப்பிட மாட்டாக, மனசுல வச்சுக்காதீக. கெளம்பும்போது நீங்களும் ‘வாரோம்’னு சொல்லிராதீக. மறுபடி ஒரு கேதத்துக்கு வாரோம்னு ஆயிரும்.”

பைக்கில் கட்டியிருந்த வாழைக்கன்றை சூரியபிரகாஷ் அவிழ்த்து ஓரமாக வைத்தான். பின்னால் பாண்டீஸ்வரி மடியில் பெட்டி. வைகைப் பாலம் தாண்டி, பழங்காநத்தம் நெரிசலில் நின்று நின்று போய், திருப்பரங்குன்றமும் கடந்து திருநகர் சேர்ந்தார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் அவள் பெட்டியைப் பிள்ளையைப் போல இறுக்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது ஜெரால்டு. தாடி விட்டிருந்தான். வாங்க என்று சொல்லவில்லை. ஒதுங்கி வழி மட்டும் விட்டான். உள்ளே இன்பசேகரன் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் இருந்தன. ஜெரால்டின் அம்மா ஆன்மேரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சூரியபிரகாசைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவன் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஆன்மேரி அவன் தலையில் கை வைத்தார்.

ஜெரால்டு சன்னல் பக்கம் நின்றான். “நாளைக்கு வாரேன்னு சொன்னேல்ல” என்றான், இவனைப் பார்க்காமலே. “அப்பா அன்னைக்குப் பூரா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாருடா.”

பாண்டீஸ்வரிதான் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, அவுகள அப்புறம் வையுங்க. மொதல்ல என்னைய வையணும். எனக்காகத்தான் அவுகள விடலையாம். இப்ப ஒங்க பொருளையும் நான் பிரிச்சுப்புட்டேன். வண்டின்னு நெனச்சுட்டேன்ணே. பொட்டு வச்சுட்டேன்.”

ஜெரால்டு திரும்பினான். குனிந்து மூடியைத் திறந்து கப்பலை வெளியே எடுத்தான். வாடிய மல்லிகைச் சரம் இறக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் குங்குமம். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள்ளே கடுகளவில் ரெண்டு ஆசனம் இருந்தது. அதை அவர்களில் ஒருவனும் இதுவரைக்கும் பார்த்ததில்லை. பெட்டிப் படத்தில் அதெல்லாம் தெரியாது.

“உள்ள சீட்டு இருக்குடா” என்றான்.

சூரியபிரகாஷ் எழுந்து வந்தான். “ரெண்டா?”

“ரெண்டு.”

ரெண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்து எட்டிப் பார்த்தார்கள். “அப்பா சொன்னாருல்ல” என்றான் சூரியபிரகாஷ். “ரெண்டு பேரு ஓட்டுறது, ஒருத்தனால தரையில எறக்க முடியாதுன்னு. நாமதான் ஒருத்தன்தான் ஓட்டுறான்னு சண்ட போட்டோம்.”

“ஆமாடா. அவருதான் சரி.” ஜெரால்டின் குரல் உடைந்தது. “இத்தன வருசம் மதிப்பு மதிப்புன்னு ரெண்டு கழுதைகளும் மூடி வச்சுருந்தோம். மனுசன் பாக்காமலே போயிட்டாரு.”

“இங்க கொண்டா” என்றார் ஆன்மேரி. கப்பலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வீட்டில் ஆவணிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சிரிப்பு கேட்டது. “மாப்பிள்ள கணக்கா இருக்கே! யாரு, நீயா தாயி வச்ச?”

“ஆமாம்மா. வேணாம்னா பஞ்ச வச்சு மெதுவா எடுத்துர்றேன்.”

“எதுக்கு? நல்லாத்தான் இருக்கு. அவரு இருந்தா இதுக்கு ஒரு மணி நேரம் சிரிச்சிருப்பாரு.” எழுந்து போய்க் கணவர் படத்துக்கு முன்னால், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தார், மூக்கு அவரைப் பார்க்கிறாற்போல. “இந்தாங்க, பாருங்க. பயலுக கடைசில பிரிச்சுட்டானுக” என்றார் படத்தைப் பார்த்து. அப்புறம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கப்பல் அங்கேயே இருக்கட்டும் என்று சூரியபிரகாஷ் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. பிறகு, கேத வீட்டில் எழுந்திருப்பதைப் போலவே, ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்கள். வாயில் வந்த ‘வாரோம்’ என்ற வார்த்தையை, மாமியார் சொன்னது நினைவு வந்து, பாண்டீஸ்வரி விழுங்கினாள். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். சூரியபிரகாஷ் தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டி பைக்கில் சாவியைப் போட்டான்.

“டேய் சூரி.”

ஜெரால்டு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னடா, சொல்லாமக் கொள்ளாமப் போற?”

“கேதத்துக்கு வந்துட்டுச் சொல்லக் கூடாதுல்லடா.”

“தங்கச்சி கேதத்துக்கு வரல. கப்பலக் காட்ட வந்துச்சு. நீயும் அதுக்குத்தான் வந்த. அன்னைக்கு வாரேன்னு சொன்னேல்ல, இப்பத்தான் வந்துருக்க.” அவன் கண் கலங்கியிருந்தது. “ஒழுங்கா சொல்லிட்டுப் போடா.”

சூரியபிரகாஷ் வாயைத் திறந்தான். பாண்டீஸ்வரி பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டாள்.

“வாரேன்டா” என்றான்.

“வா” என்றான் ஜெரால்டு.