பெம்பருக்கு ஒரு சனிக்கிழமை

சுப்ரியா செத்துப்போன அப்பாவின் தலையை உயர்த்திப் பிடிக்க, அம்மா சுலோச்சனா அவர் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முடிச்சுப் போடும்போது அம்மாவின் கண் சுவர்க் கலண்டரில் விழுந்தது.

"பிள்ளை, இண்டைக்குச் சனியெல்லே?"

"ஓம்."

அம்மாவின் பார்வை மெல்ல இறங்கி, சுப்ரியாவின் ஏழுமாத வயிற்றில் நின்றது.

"சனிப் பிணம் தனிப் போகாது. ஊரெண்டா ஒரு கோழிக்குஞ்சைத் துணைக்கு விடுவம். இஞ்ச சவப்பெட்டிக்காரன் கோழியை ஏத்துவானே?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா." சொன்னாளே தவிர, கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது. புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் வானம் காலை பதினொரு மணிக்கே அடிப்பிடித்த சட்டியாகக் கிடந்தது.

அப்பா சச்சிதானந்தன் முப்பது வருடமாகப் பெம்பர் வீதிக்காரர். வீதிக்குப் பெயர் கொடுத்த ஹோறஸ் பெம்பர் எம்.பி.யின் வரலாற்றைப் பதினெட்டு வருடம் எழுதினார். பெம்பரை முழுதாக அறிந்தவர்கள் பூமியில் இரண்டே பேர்: ஒருவர் அப்பா, மற்றவர் பெம்பர். 1906இல் வென்றது, டிராம் பாதைக்காக நாலு மணித்தியாலம் பேசிச் சபையையே குறட்டை விட வைத்தது, கட்சி தாவியது, 1922இல் நாற்பத்தொரு வாக்கால் தோற்றது, எல்லாம் ஆயிரத்து இருநூறு பக்கம். தட்டச்சுச் செய்தது சுப்ரியா. பெம்பரின் சாவு மட்டும் அதில் இல்லை. கேட்டால், "தோத்த மனுசனை உடன சாக்காட்டக் கூடாது" என்பார்.

"அப்பான்ரை வெள்ளைக்காரன் புத்தகத்தில இன்னும் சாகேல்லைத்தானே?" என்றாள் அம்மா.

"இல்லை. உண்மையில செத்தது 1931இல, ஒரு செவ்வாய்க்கிழமை."

"சனி எண்டு எழுது."

ஒரு திகதியைச் சரிபார்க்க நாலு தரம் பஸ் ஏறியவர் அப்பா. அவர் முகத்தைப் பார்க்காமல் சுப்ரியா லப்டொப்பைத் திறந்தாள். ஒரே வரி: பெம்பர் ஒரு சனிக்கிழமை இறந்தார். பிரிண்டர் முனகித் துப்பியது.

அம்மா தாளை மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள். "இஞ்சேருங்கோ, அந்தாளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வேறை ஒருத்தரும் வேண்டாம்."

மூன்று மணிக்குக் கறுப்புக் கோட்டுக்காரர் இருவர் வந்து அப்பாவைத் தூக்கினார்கள். "பார்வைக்குத் தெரிவதைவிடப் பாரம்" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தான் ஒருவன். அம்மா சட்டென்று நிமிர்ந்து தாள் இருந்த சட்டைப் பைப் பக்கம் பார்த்தாள்.

வான் போனது. சுப்ரியா மாடிப்படியில் உட்கார்ந்து, பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தாள். அம்மா பால் தேத்தண்ணியை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. சுப்ரியா கையை எடுக்கவில்லை.