கேரவன் வாங்க வந்தவள்

வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பாள், நெடுமாறனுக்கு மட்டும் கொடுக்கமாட்டாள். இந்த ஒரு விஷயத்தில் சுடர்விழி உறுதியாக இருந்தாள்.

பத்து வருஷம் கூட வாழ்ந்த புருஷன். அவள் விவாகரத்து மனு போட்டு மூன்று மாதம் ஆகிறது. லாஸ்பேட்டை வீடு அவளுடைய அப்பா கொடுத்தது, அதில் பேச்சில்லை. குழந்தை இல்லை. பங்கு போட மிச்சம் இருந்தது அந்தக் கேரவன் ஒன்றுதான். டூர் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை என்று உள்ளே ஒரு குட்டிக் குடித்தனத்தையே நெடுமாறன் தன் கையால் கட்டியிருந்தான். லாஸ்பேட்டைக்குப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் இரும்பு வேலை செய்யும் கம்பெனியில் அவன் ஃபோர்மேன். கைவேலை சுத்தமாக இருக்கும். கூட்டுறவு சங்கத்தில் நிரந்தர வேலை பார்க்கிறவள் சுடர்விழி என்பதால் கடனை அவள் பெயரில் எடுத்தார்கள். அதனால் ஆர்.சி. புத்தகமும் அவள் பெயரில் இருந்தது.

"வண்டிய எனக்கே குடுத்துடு சுடரு. வெளில என்ன விலை வருதோ அதையே தரேன்" என்று கோர்ட் வராந்தாவில் வைத்துக் கேட்டான்.

"கடல்ல தள்ளிவிட்டாலும் விடுவேன், உனக்குக் குடுக்கமாட்டேன்."

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

வண்டி பாவம் பண்ணவில்லை. அதில் அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி ஏறி உட்கார்ந்து ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் போவாள் என்பதைத்தான் சுடர்விழியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாகூர்ப் பக்கத்துப் பெண் என்று மட்டும் தெரியும். "பேரச் சொல்லாதீங்க, போட்டோவக் காட்டாதீங்க" என்று உறவு, நட்பு எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பெயர் தெரிந்தால் இரவெல்லாம் அந்தப் பெயர் காதில் கேட்கும். முகம் தெரிந்தால் அவ்வளவுதான்.

முதலில் மேட்டுப்பாளையத்தில் கமிஷனுக்கு வண்டி விற்றுக் கொடுக்கும் இராமதாஸின் யார்டுக்குத்தான் போனாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "விட்டுட்டுப் போங்கம்மா. பேர் மாத்தற ஃபாரம் இருவத்தொம்பது, முப்பது, ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுடுங்க. வாங்கறவங்க பேர் எழுதற எடம் காலியா கெடக்கட்டும். பார்ட்டி வந்தா நாங்களே எழுதிக்கறோம்" என்றார்.

"காலியாவா?"

"எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க. ஒவ்வொரு பார்ட்டிக்கும் உங்கள தேடி லாஸ்பேட்டைக்கு ஓடிட்டிருக்க முடியுமா?"

காலியான இடத்தில் யார் பெயர் வந்து உட்காரும் என்று சுடர்விழிக்கு உடனே புரிந்தது. நெடுமாறன் தினமும் டீ குடிப்பது இந்த யார்டுக்கு எதிரில்தான். ஃபாரங்களை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஆன்லைனில் தானே விளம்பரம் கொடுத்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று நிபந்தனை போட்டாள். முகத்தைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பினாள்.

ஷூட்டிங்குக்கு வாடகைக்கு வருமா என்று ஒருவன் கேட்டான். பின்பக்கத்தை அறுத்துவிட்டுப் பிரியாணிக் கடை வைக்கலாமா என்று தேங்காய்த்திட்டிலிருந்து ஒருவர் கேட்டார். இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்த இரண்டு பேரும் வந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். உருண்டை முகம், மஞ்சள் சுடிதார், வேர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடி. "நான் பூவிழி. இவரு இளஞ்செழியன், எங்க வீட்டுக்காரரு" என்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். இரண்டு வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"வாடகை வீட்லதான் இருக்கோம்க்கா. நமக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே, அது ஓடற வண்டியா இருந்தாத்தான் என்னன்னு தோணுச்சு."

சுடர்விழிக்கு மனசு இளகிவிட்டது. எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தாள். இந்த ஜோடிக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். உள்ளே இருக்கும் குக்கரையும் டம்ளர்களையும் சும்மாவே கொடுத்துவிடலாம், விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள்.

கேரவன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. இளஞ்செழியன் டார்ச்சை வாங்கிக்கொண்டு அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வண்டிக்குக் கீழே நுழைந்தான். சுடர்விழி பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "நீ ஏறும்மா" என்றாள்.

பூவிழி ஏறினாள். "உள்ள ஒரே இருட்டா இருக்கேக்கா" என்று சொல்லிக்கொண்டே இடது கையை மசாலா டப்பாத் தட்டுக்குப் பின்னால் விட்டாள். டக்கென்று விளக்கு எரிந்தது.

சுடர்விழி படியிலேயே நின்றுவிட்டாள்.

அந்த ஸ்விட்ச் வெளியே தெரியாது. வண்டியை எங்காவது நிறுத்தியிருக்கும்போது கண்டவன் ஏறிக் கைவைக்கக்கூடாது என்று நெடுமாறன் அதைத் தட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். அவளுக்கே முதல் இரண்டு பயணத்தில் தடவித் தடவித்தான் கிடைத்தது. இந்தப் பெண்ணின் கையோ, தன் வீட்டு விளக்கைப் போடுகிற மாதிரி நேராகப் போனது.

பூவிழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் என்ன செய்தோம் என்பதே தெரியாமல் திரைத்துணியை விலக்கிக்கொண்டிருந்தாள்.

நெடுமாறன் வீட்டை விட்டுப் போன மாசி மாதத்திலிருந்து சாவி சுடர்விழியிடம்தான் இருக்கிறது. அப்படியானால் இவள் இதற்குள் வந்தது அதற்கு முன்னால். போன கார்த்திகையில், பிரேக் வேலை என்று விழுப்புரத்துக்கு ஓட்டிப்போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினான். திரைத்துணி துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. "பட்டறையில ஒரே கிரீஸு. அதான் துவைச்சுட்டேன்" என்றான். பத்து வருஷத்தில் ஒரு கைக்குட்டையைத் துவைத்தறியாதவன். பாவம், அலைந்துவிட்டு வந்திருக்கிறாரே என்று அன்றைக்கு அவள் வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போட்டாள்.

கேட்க மறுத்த பெயர் இதுதான். பூவிழி. பார்க்க மறுத்த முகத்துக்குத் தன் கையாலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்திருக்கிறாள்.

மயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் இவள் அழுதுகொண்டே போவாள், அவன் தலையைத் தடவிச் சமாதானம் சொல்வான், அதோடு முடிந்துவிடும். சுடர்விழி நிதானமாகப் படியேறி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"வாம்மா, ஒவ்வொண்ணாக் காட்டறேன். வாங்கறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்ல. இது கட்டில். நீ சுவர் பக்கம் படுத்துக்கோ. அவங்க வெளிப்பக்கம் படுக்கட்டும்."

"ஏங்க்கா?"

"ராத்திரி போன் வந்தா எழுந்து வெளில போகணும்ல. உன்ன தாண்டிக்கிட்டுப் போனா நீ முழிச்சுக்குவ."

பூவிழி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்தத் தகரம் ரொம்ப மெலிசு. வெளில மெதுவாப் பேசினாலும் உள்ள கேக்கும். தை மாசம் ஏற்காட்டுல, நான் இங்க தூங்கறேன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரரு வெளில நின்னு பேசினாரு. 'அவ ஒரு மரக்கட்டைடி, உன்கிட்ட வந்தாத்தான் எனக்கு உயிரே வருது'ன்னாரு. எதிர்ப்பக்கம் இருந்தவ என்ன சொன்னாளோ, அதான் தெரியல. உனக்குத் தெரியுமா?"

பூவிழியின் முகம் வெளுத்தது. கை மெல்ல மசாலாத் தட்டின் பக்கம் திரும்பி, பாதியில் விழுந்தது. இப்போதுதான் அவளுக்கு ஸ்விட்ச் ஞாபகம் வந்திருக்கிறது.

"அக்கா..."

"பரவால்ல விடு. சொல்லாமலே ஸ்விட்ச்சக் கண்டுபிடிச்சவ நீ ஒருத்தி மட்டும் இல்ல."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று சுடர்விழிக்கே தெரியாது. வந்தபின் நிறுத்தவும் அவள் விரும்பவில்லை.

"போன ஞாயித்துக்கெழமை ஒருத்தி வந்தா. உன் வயசுதான். வண்டி வாங்கற மாதிரிதான் வந்தா. நான் படியில நிக்கும்போதே கைய விட்டு லைட்டப் போட்டா. அப்புறம் இந்தக் கட்டில்ல உக்காந்து அழுதா. ஒண்ணும் பேசல, போயிட்டா."

அப்படி யாரும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சுடர்விழி நாள் முழுக்கத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள்.

பூவிழி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "வெள்ளை ஸ்கூட்டர்லயா வந்தா?" என்று கேட்டாள்.

சுடர்விழி ஸ்கூட்டர் எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் "ஆமா" என்றாள்.

"கழுத்துல கம்பெனி கார்டு. நீலக் கயிறு."

"ஆமா."

"கம்பெனி வாசல்ல ரெண்டு வாட்டி பாத்தேங்க்கா. கூட வேலை செய்யறவங்கன்னாரு. ஒரு வருஷமா எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டேதான் இருக்குது."

ஒரு வருஷமா. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவள் நெடுமாறனுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா இட்டுக்கட்டிய பெண்ணுக்கு உயிர் வந்து, ஸ்கூட்டர் வந்து, கழுத்தில் கயிறும் வந்துவிட்டது. இவளைக் குத்துவதற்கு எடுத்த கத்தியின் மறுமுனை தன் விலாவில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பூவிழி சட்டென்று சரிந்து அவள் காலைப் பிடித்தாள். "என்மேல இருக்கற கோவத்துல சொல்றீங்க, அப்படித்தானே? அவருதான்க்கா எங்க அண்ணனையே வீட்டுக்காரருன்னு சொல்லச் சொல்லி அனுப்பி வச்சாரு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அண்ணனத் தவிர எங்க வீட்ல யாரும் இனிமே சேக்கமாட்டாங்க, எனக்குப் போக்கிடம் கெடையாது. அப்படி யாரும் வரலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன். வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் இந்தப் பெண் வண்டி வாங்காமல் போய்விடுவாள். சுடர்விழி இத்தனை நாள் கட்டிக் காத்தது அதற்காகத்தான். உண்மையும் அதுதான், ஒருத்தியும் வரவில்லை. காலடியில் அந்த ஈரமான உருண்டை முகத்தைக் குனிந்து பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் தங்கச்சி என்று அணைத்திருப்பாள்.

"அந்த ஓரத்துலதான் உக்காந்து அழுதா. நீ இப்ப உக்காந்திருந்தியே, அதே எடம்" என்றாள்.

வெளியே இருந்து இளஞ்செழியன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். முழங்கையெல்லாம் மண். "சேசி சூப்பரா இருக்குதுங்க. துருவே இல்ல. புடிச்சிருக்கா பூவு?"

பூவிழி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புடிச்சிருக்காம். சொன்ன விலையிலேர்ந்து கொஞ்சம் கொறைச்சுக்கறேன். எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சுடர்விழியே சொன்னாள்.

வீட்டுக்குள் உட்கார வைத்து, இராமதாஸ் யார்டிலிருந்து கொண்டுவந்த ஃபாரங்களை எடுத்தாள். இளஞ்செழியன் தன் ஆதாரை நீட்டினான். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். "பொண்ணு பேர்லயே இருக்கட்டும்." அவனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதில் இது இல்லை. தங்கையைப் பார்த்தான். தங்கை சொன்னது கேட்கிற குழந்தைபோலப் பையிலிருந்து தன் ஆதாரை எடுத்துக் கொடுத்தாள்.

வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் சுடர்விழி முத்து முத்தாக எழுதினாள். எழுதிக்கொண்டே, பூவிழிக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"அவரு பேர்ல இருந்தா உன்ன நடுவழியில எறக்கிவிட்டுட்டுப் போயிடுவாரு. உன் பேர்ல இருந்தா ஒருநாள் நீயே வித்துடலாம். வாங்க வர்றவள உள்ள கூட்டிப் போயிக் காட்டறதுதான் கொஞ்சம் கஷ்டம். பழகிடும்."

பூவிழி கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. போனில் பணத்தை அனுப்பிவிட்டு, இளஞ்செழியன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுடர்விழி மனையின் ஓரத்தில் நின்று, "வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க" என்று குரல் கொடுத்து, மின்கம்பத்தில் இடிக்காமல் பத்திரமாகத் தெருவில் இறக்கிவிட்டாள். முன்சீட்டில் பூவிழி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்கு நெடுமாறன் போன் செய்தான். குரலில் சிரிப்பு பொங்கியது; இன்னும் அவன் பூவிழியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"வண்டிய வித்துட்டியாமே சுடரு. நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கா?"

"நல்ல பொண்ணு. உள்ள எல்லாத்தையும் காட்டிக் குடுத்தேன்."

"என்னத்த காட்டின?"

பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"நீலக் கயிறு யாரு? வெள்ளை ஸ்கூட்டர்?"

எதிர்ப்பக்கத்தில் சத்தமே இல்லை. பின்னணியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது தேய்ந்து மறைந்த பிறகும் அவன் பேசவில்லை. கடைசியில் சிரிப்பெல்லாம் வற்றிப்போன குரலில், "நீ பூவிழிகிட்ட என்னடி சொன்ன?" என்றான்.

அவள் போனை வைத்தாள். அது உடனே மறுபடியும் அடித்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. சுடர்விழி அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படி யாரும் இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது.